ரூபாய்த் தாளைக் குரலில் அறிவிக்கும் 'மணி' செயலி: பயன்பாடும் வரம்பும்

கேமராவில் படுவதை அந்த நொடியிலேயே குரலாக்கித் தரும் ஆக்மென்டட் ரியாலிட்டி (நேரில் காண்பதோடு கணினித் தகவலையும் சேர்த்துத் தரும் தொழில்நுட்பம்) என்றதும், நம்மில் பெரும்பாலோர் வாங்க முடியாத ஸ்மார்ட் மூக்குக் கண்ணாடிகளே நினைவுக்கு வருகின்றன. பார்வையற்றோருக்காக இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட 'மணி' செயலி, அந்த வேலையின் ஒரு சிறு பகுதியைச் சாதாரண ஸ்மார்ட்போனில் கட்டணமின்றிச் செய்கிறது.

இதற்கான தேவை தாள்களின் அளவிலேயே இருக்கிறது. இப்போதைய 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் அகலம் ஒன்றே. நீளம் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர், அதாவது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. போதாக்குறைக்கு, இன்றும் செல்லுபடியாகும் பழைய 100 ரூபாய்த் தாள் 157 மில்லிமீட்டர் நீளமுள்ளதால், புதிய 500 ரூபாயைவிடப் பெரியது. தடவி அறிவதற்காக 100-இல் முக்கோணமும் 500-இல் வட்டமும் மேடாக அச்சிடப்பட்டுள்ளன என்றாலும், கைமாறிக் கசங்கிய தாளில் அவை மழுங்கிவிடுகின்றன.

செயலியைத் திறந்து கேமராவின் முன் தாளைப் பிடித்தால், அது பாதியாக மடிக்கப்பட்டிருந்தாலும், எந்தப் பக்கம் தெரிந்தாலும், மதிப்பு குரலில் ஒலிக்கும், தமிழிலும் கேட்கலாம். மற்றவர் காதில் விழ வேண்டாம் என்றால் அதிர்வின் மூலம் அறியும் வசதியும் உண்டு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. நிறுவிய பின் இணையம் தேவையில்லை என்பதால், சிக்னல் கிடைக்காத சந்தையிலும் பயன்படும்.

முக்கியமான வரம்பு ஒன்று: இச்செயலி தாளின் மதிப்பை மட்டுமே சொல்லும், நல்ல தாளா கள்ளத் தாளா என்று சொல்லாது.

செயலி இலவசம், ஆனால் கைப்பேசி இலவசமல்லவே? மத்திய அரசின் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டமான அடிப் (ADIP), பார்வையற்றோருக்கு ஸ்மார்ட்போனையும் உள்ளடக்கியது. குறைந்தது 40 விழுக்காடு மாற்றுத்திறன் சான்று வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய்க்கு மிகாதவருக்கு முழு உதவியும், அதற்கு மேல் 30,000 வரை உள்ளவருக்குப் பாதியும் கிடைக்கும். இதே கருவியைக் கடந்த மூன்று ஆண்டுகளில் அரசிடம் பெற்றவர் விண்ணப்பிக்க இயலாது. கருவிகள் பெரும்பாலும் முகாம்களில் வழங்கப்படுவதால், முகாம் நடக்கும் நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் (UDID) வருமானச் சான்றும் எடுத்துச் செல்வது நல்லது.