உயிர்ப்பல்வகைமையைக் குளக்கட்டில் வைத்துப் படிப்பிப்போம்

தரம் எட்டில் படிக்கும் பிள்ளையிடம் ஓர் உணவுச் சங்கிலியை எழுதச் சொன்னால் பெரும்பாலும் புல், மான், சிங்கம் என்று எழுதித் தரும். இலங்கைக் காட்டில் சிங்கம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அருகிலுள்ள குளத்தில் பாசி இருக்கிறது, நத்தை இருக்கிறது, விரால் இருக்கிறது, நீர்க்காகம் இருக்கிறது, பல குளங்களில் முதலையும் இருக்கிறது. வன்னியில் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கும் பக்கத்தில் ஒரு குளம் உண்டு.

சுற்றாடல் தினத்துக்கு ஒரு சுவரொட்டி, ஆண்டுக்கு ஒரு சுற்றுலா என்று இந்தப் பாடத்தை முடித்துவிடக் கூடாது. ஒருமுறை போய்ப் பார்த்தால் பிள்ளைக்குக் கிடைப்பது பெயர்ப்பட்டியல். அதே குளத்தில், அதே இடத்தில் நின்று, ஆண்டுக்கு நான்கு முறை எண்ணினால்தான் சூழற்றொகுதி விளங்கும். தையில் குளம் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். சித்திரைக்குள் அவற்றில் பெரும்பாலானவை திரும்பிவிடும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றி மீன்கள் ஒடுங்கும்போது கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் தவளைகள் கத்தும். அந்த நான்காவது கணக்கெடுப்புக்குக் குளத்துக்குப் போகவே தேவையில்லை. பிள்ளைகள் இரவில் வீட்டு வாசலில் இருந்தபடியே தொலைபேசியில் சத்தத்தைப் பதிந்து வரலாம்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், சிறு குளமென்றால் கமநல சேவை நிலையத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் அறிவிக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள். பாவனையில் உள்ள பாதையையும் குளக்கட்டையும் விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது. மிதிவெடி அகற்றப்பட்ட பகுதியென்று சொல்லப்பட்டாலும் இந்த விதி மாறாது. இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி அறிவிக்க வேண்டும். குளத்தின் நீர் விளிம்பிலிருந்து பத்து மீற்றருக்குள் பிள்ளைகள் போகக் கூடாது, ஏனென்றால் முதலை ஆழமற்ற தண்ணீரிலும் அசையாமல் கிடக்கும். சேற்றில் வயிறு இழுபட்ட தடம் தெரிந்தால் அந்தக் கரையையே விட்டுவிடுங்கள். காலில் புண் உள்ள பிள்ளை வாய்க்கால் சேற்றிலும் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

காலை ஆறரைக்குள் குளக்கட்டில் நிற்க வேண்டும். எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும், பிள்ளைகளின் கவனமும் சிதறும். ஐந்து பேர் கொண்ட குழு, ஒரு குழுவுக்கு ஒரு நிலையம், அதாவது நின்று எண்ணும் இடம். ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, மற்ற மூவரும் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் பேசாமல் நின்று ஐம்பது மீற்றருக்குள் தெரிவதை மட்டும் எண்ண வேண்டும். தூரம் குறிக்காமல் விட்டால் ஒரு குழு அக்கரையில் நிற்பதையும் எண்ணிவிடும், மறுமுறை எண்ணாது. அப்புறம் இரண்டு கணக்கையும் ஒப்பிடவே முடியாது. ஒன்றும் காணாத நிலையத்துக்குப் பூச்சியம் என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால் பார்த்தார்களா இல்லையா என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

பறவைகளில் அதிகம் தடுமாற வைப்பது வெள்ளைக் கொக்கு. சிறு கொக்கின் அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது பாருங்கள், மஞ்சள் சப்பாத்துப் போட்டதுபோல் தெரியும். மாட்டுக்குப் பின்னால் திரியும் உண்ணிக்கொக்குக்குக் கழுத்துக் குட்டை, அலகு மஞ்சள். பெருங்கொக்கின் வாய்ப்பிளவு கண்ணுக்குப் பின்னால் வரை நீளும். இவை எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால் “வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை” என்று எழுதினால் போதும். ஊகித்து எழுதிய பெயருக்குப் புள்ளி கொடுக்காதீர்கள், தெரியவில்லை என்று எழுதியவருக்குக் கொடுங்கள். கட்டோரத்தில் வெறும் நத்தை ஓடுகள் கிடந்தால் நத்தைகொத்தி நாரை அங்கே வந்திருக்கலாம். பறவை நிற்காத நேரத்திலும் அதன் சாப்பாட்டு மிச்சம் ஒரு பதிவுதான்.

நீருக்குள் இருப்பதைப் பார்க்கக் குளத்தில் இறங்கத் தேவையில்லை. வயல் வாய்க்காலில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் இடம் போதும். வேலிக்கம்பியை வளைத்து நுளம்புவலைத் துணியைத் தைத்தால் வலை தயார். ஒரு மீற்றர் தூரம் அடியோடு இழுத்து, வெள்ளை ஐஸ்கிரீம் பெட்டியில் கொட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள். அவசரப்பட்டால் சேறு மட்டும்தான் தெரியும். கலங்கல் அடங்கியதும் தும்பியின் அணங்கு, அதாவது நீருக்குள் வாழும் அதன் இளம் பருவம், ஊர்ந்து வரும். வாலில் இலைபோல மூன்று தகடுகள் இருந்தால் அது ஊசித்தும்பியினுடையது. தகடு இல்லாமல் உடல் பருத்திருந்தால் பெருந்தும்பியினுடையது. அது பின்பக்கத்தால் தண்ணீரைப் பீச்சி முன்னே பாயும். ஓர் அணங்கைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு, கூடவே பத்து நுளம்புக் குடம்பிகளையும் விடுங்கள். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை அது நீட்டிக் குடம்பியைக் கவ்வி இழுக்கும். அரை மணிக்கொருமுறை மிஞ்சியவற்றை எண்ணச் சொல்லுங்கள். வாய்க்காலுக்குக் கிருமிநாசினி அடித்தால் யார் சாகிறார்கள், யார் பெருகுகிறார்கள் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். பாடம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட வேண்டும்.

வகுப்புக்குத் திரும்பி உணவு வலை வரையும்போது அம்புக்குறி தலைகீழாகும். கொக்கு மீனைத் தின்கிறது என்பதால் பிள்ளைகள் கொக்கிலிருந்து மீனுக்கு அம்பு போடுவார்கள். அம்பு காட்டுவது சக்தி போகும் திசையை. அதன் நுனி தின்பவரின் வாயில் முடிய வேண்டும். அழுகலைத் தின்னும் புழுவையும் பற்றீரியாவையும் கிட்டத்தட்ட எல்லோருமே மறப்பார்கள்.

திலாப்பியாவை உணவு வலையில் எங்கே வைப்பது என்பது நல்ல விவாதம். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. இன்று நன்னீர் மீனவர் பலரின் வருமானமே அதுதான். வந்தேறி இனம் என்று ஒரு வரியில் கெட்டதாக்கிவிடாமல், வலை இழுக்கும் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, முன்பு பிடிபட்ட மீன்களில் எவை குறைந்துவிட்டன என்று கேட்கச் செய்யுங்கள்.

யானைப் பாடத்தில்தான் ஆசிரியர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கதிர் முற்றும் நேரத்தில் வயலை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் நின்று “யானையை நேசியுங்கள்” என்றால் அது பாடத்தையே வெறுக்கும். அந்த இழப்பை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள். எந்த மாதம், எந்தப் பக்கத்தால் வந்தது, என்ன பயிர், குளத்தில் அப்போது தண்ணீர் எவ்வளவு? கிராம வரைபடத்தில் எல்லா வீட்டுத் தகவலையும் குறித்தால் வரும் வழி ஒரு கோடாகத் தெரியத் தொடங்கும். மின்வேலி அந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறது, பழைய காட்டை எங்கே வெளியாக்கினோம் என்று பிள்ளைகளே பேசுவார்கள். கூடவே பாதையோரத்தில் காய்ந்து கிடக்கும் யானை லத்தியை, பகல் வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் மண்வெட்டியால் எடுத்துவந்து தட்டில் மண்ணோடு பரப்பி ஒரு மாதம் தண்ணீர் தெளிக்கலாம். விளாங்கன்று முளைத்தால் யானை காட்டுக்குச் செய்யும் வேலை கண்முன் நிற்கும்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக: கண்ணாடிப் புடையன் என்று அடிபடுவதில் மலைப்பாம்புக் குட்டியும் உண்டு. புடையனின் முதுகில் முட்டைவடிவப் புள்ளிகள் நீளவாக்கில் மூன்று வரிசையாக ஒழுங்காக இருக்கும், மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை. இதைப் படத்தில் மட்டும் காட்டுங்கள். நேரில் கண்டால் எதுவென்று பார்க்காமல் விலக வேண்டும். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இந்தக் கணக்குகள் தனித்தனிக் கொப்பிகளில் சிதறக் கூடாது. பாடசாலைக்கு ஒரே ஒரு தடித்த பதிவேடு இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, நேரம், நிலையம், நீர்மட்டம், எழுதியவர் பெயர். நீர்மட்டத்தை மறந்தால் மற்ற எண்களுக்குக் காரணம் சொல்ல முடியாது. இரணைமடுக் குளத்தை அண்டிய பாடசாலைகள் தங்கள் கணக்கைச் சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பக்கத்துப் பாடசாலைகளோடு ஒப்பிடலாம். கனகராயன் ஆறு இரண்டையும் இணைக்கிறது, சுண்டிக்குளமோ 1938 இல் பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவானது. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது பதிவேடு அவரோடு போய்விடும் ஆபத்து உண்டு. அதை ஆய்வுகூட இருப்புப் பட்டியலில் சேர்த்து, ஆண்டு முடிவில் ஒரு பிரதியைக் கமக்காரர் அமைப்பிடம் கொடுத்துவிடுங்கள்.