ஒற்றைத் தலைவலி மாத்திரைகள்: எது, எப்போது, மாதத்தில் எத்தனை நாள்

ஒற்றைத் தலைவலி வந்தால் தானாகப் போகட்டும் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, வலி உச்சிக்கு ஏறிய பிறகு மாத்திரை போடுகிறவர்களே அதிகம். அதற்குள் இரைப்பை மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும், அல்லது வாந்தியில் போய்விடும். ‘மருந்து கேட்கவில்லை’ என்பவர்கள் பலருக்கு மருந்து சரியானதுதான், போட்ட நேரம்தான் தவறு.

மிதமான வலிக்கு நாப்ராக்சென் 500 மி.கி. அல்லது இப்யூப்ரோஃபென் 400 மி.கி. பெரும்பாலும் போதும். கூடவே தரும் டோம்பெரிடோன் 10 மி.கி. குமட்டலை அடக்கும், வலி மாத்திரை குடலுக்கு இறங்கவும் உதவும். அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த வலி மாத்திரைகள் வேண்டாம்.

இதற்கு அடங்காத வலிக்கு, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகள். சுமாட்ரிப்டான் 50 அல்லது 100 மி.கி., ரிசாட்ரிப்டான் 10 மி.கி. இரண்டும் அதிகம் எழுதப்படுபவை. நாராட்ரிப்டான் 2.5 மி.கி. மெதுவாகத்தான் கேட்கும், பக்கவிளைவு குறைவு. நாக்கில் கரையும் ரிசாட்ரிப்டான் வேகமானது என்ற நம்பிக்கை தவறு. அது வாயில் கரைந்தாலும் குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் குடித்தாலே குமட்டுகிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். உறையை ஈரமில்லாத கையால் பிரிக்க வேண்டும். ஈரம் பட்டால் மாத்திரை விரலிலேயே கரைந்துவிடும். தலைவலி தடுக்க புரோப்ரனலால் சாப்பிடுகிறவர்களுக்கு ரிசாட்ரிப்டான் 5 மி.கி. மட்டுமே.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே மின்னும் கோடுகள் தெரியும்; அப்போதே டிரிப்டான் போட வேண்டாம். வலி தொடங்கியதும் போடுங்கள். அடங்கிய வலி திரும்பி வந்தால் 2 மணி நேரம் (நாராட்ரிப்டான் என்றால் 4 மணி நேரம்) கழித்து இன்னொன்று போடலாம். முதல் மாத்திரை துளியும் கேட்கவில்லை என்றால், அதே வலிக்கு இரண்டாவது போடுவதில் பயனில்லை. மூன்று முறை சரியான நேரத்தில் போட்டும் பலனில்லை என்றால் வேறு டிரிப்டானுக்கு மாறலாம். ஒன்று கேட்காதவருக்கு இன்னொன்று கேட்பதுண்டு.

மாரடைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம் வந்தவர்களும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் டிரிப்டானைத் தொடக் கூடாது. அது ரத்தக்குழாயைச் சுருக்கும். ரிமெஜிபன்ட் 75 மி.கி., லாஸ்மிடிடான் போன்ற புதிய மருந்துகள் அப்படிச் சுருக்குவதில்லை. விலைதான் தடை. லாஸ்மிடிடான் போட்டால் 8 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் கலவை மாத்திரைதான். ஸ்டிரிப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள்: எர்கோட்டமைன் 1 மி.கி., காஃபீன் 100, பாராசிட்டமால் 250, புரோகுளோர்பெரசின் 2.5. எர்கோட்டமைனும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்துதான். இதையும் டிரிப்டானையும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துப் போடக் கூடாது. தொண்டை வலிக்கு எழுதும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஓடும்போது இதைப் போட்டால் எர்கோட்டமைன் உடம்பில் தேங்கும். விரல்கள் சில்லிட்டு, மரத்து, நீலம் பாரிக்கும். கவனிக்காவிட்டால் அழுகும் வரை போகும். கர்ப்பிணிகளுக்கு எர்கோட்டமைன் கூடவே கூடாது.

தினசரி காலண்டரில் மாத்திரை போட்ட நாளை வட்டமிடுங்கள். டிரிப்டானோ கலவை மாத்திரையோ மாதத்தில் 10 நாளையும், தனி வலி மாத்திரை 15 நாளையும் தொட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மாத்திரையே தினமும் தலைவலியைக் கொண்டுவரும். அங்கே மருந்தைக் கூட்டுவதில்லை. நிறுத்திவிட்டுத் தடுப்பு மருந்து தொடங்குவோம். கிழித்த தாள்களை எறியாமல் வைத்திருந்து, வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.