பட்டனுக்கு விலை தெரியாது

போன வாரம் மறுபடியும் ஒரு பேக்கரியிலிருந்து பில்லிங் கீபோர்டு புகார். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், கேக்குக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனதே, அப்போது இதே புகாரோடு வரிசையாக அழைப்பு வந்தது. இன்னும் நிற்கவில்லை. "சாஃப்ட்வேர்ல விலைய மாத்திட்டோம் சார், பில்லுல பழைய விலைதான் விழுது. கீபோர்டு போயிடுச்சு."

கீபோர்டு போகவில்லை. பில் போடும் இந்தக் கீபோர்டில், ஒரு பட்டனை அழுத்தினால் பல எழுத்தும் எண்ணும் வரிசையாக விழும்படி பதிந்து வைக்கலாம். ஐட்டம் கோடு (சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள அடையாளக் குறி), என்டர், விலை, என்டர் என்று மொத்தத்தையும் ஒரே பட்டனில் யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் புது விலையைக் காட்டுகிறது. பட்டன் அதன் மேலேயே பழைய விலையை அடித்துவிட்டுப் போகிறது. இத்தனை நாளும் வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பில்லிங் கீபோர்டுக்கு கேக்கும் தெரியாது, விலையும் தெரியாது. நீங்கள் விரலால் அடிப்பதை அது வேகமாக அடிக்கிறது, அவ்வளவுதான். நம்பிக்கை இல்லையா? நோட்பேடைத் திறந்து பட்டனை அழுத்திப் பாருங்கள். கோடு 105 என்றால், 105 மட்டும் விழுந்து, கர்சர் அடுத்த வரிக்குப் போனால் சரி. கூடவே 40 என்று ஏதாவது விழுந்தால் அதுதான் உங்கள் பழைய விலை. என்னைக் கூப்பிடுவதற்கு முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! விலை சாஃப்ட்வேரில் இருக்கட்டும், பட்டனில் கோடு மட்டும் போதும்.

கோடும் எண்ணாகவே இருக்கட்டும். எழுத்து வைத்தால் கேப்ஸ் லாக் என்றைக்காவது காலை வாரிவிடும். கணினியில் யாராவது தமிழ்த் தட்டச்சுக்கு மாற்றிவிட்டுப் போனால் இன்னும் வேடிக்கை.

இன்னொரு தொல்லை, வேகம். கோடு கேட்கும் விண்டோ திறப்பதற்குள் பட்டன் அடித்து முடித்துவிடும். முதல் எண் தொலைந்து 105 என்பது 05 ஆகும். பப்ஸ் கேட்டவருக்கு ரஸ்க் பில். நடுவில் கொஞ்சம் நேர இடைவெளி வைத்துப் பதியுங்கள். பெரும்பாலான கீபோர்டு மென்பொருளில் அதற்கு வசதி உண்டு.

அப்புறம், மேனேஜர் பாஸ்வேர்டை ஒரு பட்டனில் போட்டு, மேலே 'எம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது. பில்லை ரத்து செய்ய ஒரு விரல் போதும் என்றால் பாஸ்வேர்டு எதற்கு? கல்லாப்பெட்டிக்குப் பூட்டே வேண்டாமே. தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 'கேஷ்' பட்டனையும் கை தவறிப் படாதபடி ஐட்டம் பட்டன்களை விட்டுத் தள்ளி வையுங்கள்.

ஸ்டிக்கரை மாற்றினால் பட்டன் மாறிவிடாது. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு கெஞ்சல். நிறைய மாடல்களில் இந்தப் பதிவெல்லாம் கீபோர்டுக்குள்ளேயே இருக்கும், கணினியில் இருக்காது. டீ கொட்டி கீபோர்டு செத்தால் பதிவும் அதோடு போய்விடும். எந்தப் பட்டனில் என்ன இருக்கிறது என்ற லேஅவுட் ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு, உங்கள் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி அறுபது பட்டனையும் ஒவ்வொன்றாக ஏற்ற என்னால் முடியாது.