இலையை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள்

இந்தச் சம்பாவிலும் அதே கதை. இரவு நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒரு நெல் இலை வந்தது. மஞ்சளாக இருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. கூடவே ஒரு குரல் பதிவு: "சார், செல்போன் செயலியில காட்டினேன். தழைச்சத்துப் பற்றாக்குறைன்னு சொல்லுச்சு. ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டு ஒரு வாரமாச்சு, இன்னும் பச்சை திரும்பல."

மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன். வரப்பில் நின்று பார்த்தால் அங்கங்கே மஞ்சள் திட்டு. உள்ளே இறங்கி, ஒரு குத்தை (ஒன்றாக நட்ட நாற்றுக் கொத்தை) இரண்டு கையாலும் விலக்கி அடித்தண்டைப் பார்த்தோம். தண்ணீர் மட்டத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்குப் பழுப்புப் பூச்சி அப்பிக் கிடந்தது. தட்டினால் தண்ணீரில் விழுந்து, தத்தித் தத்தி அடுத்த குத்தில் ஏறிக்கொண்டது. புகையான், நெல் தண்டில் சாறு உறிஞ்சுகிற பூச்சி! போட்ட யூரியாவில் பயிர் இளசாகத் தழைத்து, பூச்சி இன்னும் பெருகியிருந்தது. பக்கத்து வயல்காரர் வேறு அதே படத்தை நம்பி ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தார். நல்லவேளை, பிரிக்கவில்லை.

பூச்சியியல் படித்து டெல்டாவில் வேலை பார்க்கிறவன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். செயலிகள் மீது எனக்குக் கோபம் இல்லை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் ஆலோசனையைப் பார்க்காமல் மேலுரம் போடச் சொல்வதில்லை. உரம் போட்ட மறுநாள் கனமழை கொட்டினால் பாதி வடிகாலில் போய்விடும். உரக்கடை இருப்புக்கும் சந்தை விலைக்கும் உழவன் செயலி 2018லிருந்து கைகொடுக்கிறது. பூச்சி, நோய்களைப் படத்தை வைத்தே கண்டுபிடிக்க மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பையே தொடங்கியிருக்கிறது. நல்ல வேலை. ஆனால் எந்தச் செயலிக்கும் நீங்கள் காட்டியதுதான் தெரியும். புகையான் இருப்பது தண்டின் அடியில், நீங்கள் காட்டுவது நுனி இலையை.

என்னை அதிகமாக எரிச்சல்படுத்துவது "மஞ்சள் என்றால் யூரியா" என்கிற எண்ணம். மஞ்சள் என்பது காய்ச்சல் மாதிரி, எதனால் வந்தது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்தால் அடி இலை முதலில் வெளுக்கும், வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். துங்ரோ என்கிற வைரஸ் நோய் வந்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள், பயிர் குட்டையாகும், திட்டுத் திட்டாக இருக்கும், அதைப் பரப்புகிற பச்சைத் தத்துப்பூச்சி சுற்றித் திரியும். துத்தநாகம் குறைந்தால் நட்ட இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் வரும். தண்ணீர் வடியாமல் வேர் அழுகினாலும் மஞ்சள். புகையான் சாறு உறிஞ்சினாலும் மஞ்சள், அப்புறம் வட்ட வட்டமாகக் கருகல். இதில் யூரியா கேட்பது ஒன்றே ஒன்று. மற்றதில் யூரியா வீண், புகையானிலும் துங்ரோவிலும் கேடு. சாயங்கால வெயிலில் எடுத்த படத்தில் நல்ல பச்சைகூட மஞ்சளாகத்தான் தெரியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் வீசினால் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. மிச்சம் நீரிலும் காற்றிலும் கலக்கிறது, மானியப் பணத்தோடு சேர்த்து.

அடுத்த தப்பு, பூச்சி என்று தெரிந்ததும் கையில் கிடைத்ததை அடிப்பது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கவே அடிக்காதீர்கள். புகையானைத் தின்கிற சிலந்தியும், அதன் முட்டையைத் தின்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகும், புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். 1984ல் அரிசியில் தன்னிறைவு கண்ட இந்தோனேசியா, கண்டபடி மருந்து அடித்ததில் இரண்டே வருடத்தில் புகையானிடம் மாட்டிக்கொண்டது. 1986ல் அந்த நாட்டு அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். விவசாயிகளை வயலில் இறக்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணக் கற்றுக்கொடுத்த வயல்வெளிப் பள்ளிகள் அங்கேதான் 1989ல் தொடங்கின. ஒரு நாட்டின் சோற்றுப் பானையையே ஆட்டிவைத்த பூச்சி இது. கேமராவை நீட்டும் முன்னால் குனிந்து பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? நட்டு ஒரு மாதம் ஆனதிலிருந்து வாரம் ஒரு தடவை, வயலில் குறுக்காக நடந்து பத்து, இருபது குத்தை விலக்கிப் பாருங்கள். தூருக்கு, அதாவது குத்திலிருக்கும் ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சி என்ற அளவு வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். முதல் வேலை தண்ணீரை வடிப்பது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக (வயலைக் காயவிட்டு, பிறகு பாய்ச்சி) தண்ணீர் கட்டுவது, யூரியாவை நிறுத்துவது. மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் அது அடித்தண்டில் படவேண்டும். டிரோன் வைத்து அடிக்கிறவர்கள் அடித்து முடித்ததும் உள்ளே போய், மருந்து கீழ்வரை இறங்கியிருக்கிறதா என்று குத்தை விலக்கிப் பாருங்கள். அடர்ந்த பயிரில் மேலிலை நனைந்து தண்டு காய்ந்தே இருக்கலாம். அடுத்த நடவில் எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். இடம் வீணாகிறது என்று சொல்லாதீர்கள், காற்றும் வெளிச்சமும் போகிற வயலில் புகையான் இவ்வளவு ஆடாது.

தழைச்சத்தை அறிய, நெட்வொர்க் தேவைப்படாத இலை வண்ண அட்டை இருக்கிறது, பச்சை நிறங்களை வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை எண் போட்டுக் காட்டுவது. பயிருக்கு உங்கள் உடம்பு நிழல் விழும்படி நின்று பத்து இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு இலையாவது வெள்ளைப் பொன்னியில் 3க்கும், மற்ற ரகங்களில் 4க்கும் கீழே இருந்தால் மட்டும் யூரியா.

படம் அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து இப்படி அனுப்புங்கள்: முழு வயல் ஒன்று, நல்ல பயிரும் கெட்ட பயிரும் சேர்கிற இடம் ஒன்று, விலக்கிய குத்தின் அடி ஒன்று, பிடுங்கிய செடி வேரோடு ஒன்று. கூடவே ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன போட்டீர்கள், தண்ணீர் எத்தனை நாளாக நிற்கிறது என்று எழுதுங்கள். போட்டதை மறைக்காதீர்கள், நான் திட்ட மாட்டேன். எனக்கு அனுப்ப முடியாதவர்கள் கிசான் கால் சென்டர், 1800 180 1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம். பதில் வரும்வரை யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்.