கர்க்வால விட்டு ஹாக் ஏன் கெளம்பல?

நான் கவுன்சிலிங் பண்றவ, கேம் பக்கம் போனதே இல்ல. ஆனா என்கிட்ட வர்ற காலேஜ் பசங்க, ஐடி பசங்க நிறைய பேரு தன் கதைய நேரா சொல்ல மாட்டாங்க, ஏதாவது கேம் கதைய சொல்லி அதுக்குள்ள தன்ன ஒளிச்சு வச்சிருப்பாங்க. அப்படி அறிமுகமானதுதான் டிராகன் ஏஜ் 2. பயோவேர் கம்பெனி 2011ல விட்ட ஆர்பிஜி, அதாவது நாமளே ஒரு பாத்திரமா மாறி ஆடுற கேம். ஒரு பையன் அதையே பேசிட்டு இருந்தான்னு நானும் உக்காந்து ஆடிப் பாத்தேன்.

இந்த கேம் பத்தி ரெண்டு புலம்பல் கேப்பீங்க. ஒண்ணு, ஒரே குகையத் திரும்பத் திரும்பக் காட்டி ஒப்பேத்திட்டாங்கன்னு (நெஜந்தான், கதவு மட்டும் மாறும்). இன்னொண்ணு, கர்க்வால்னு இவ்ளோ நாசமாப் போன ஊர்ல ஹீரோ ஹாக் எதுக்கு இருக்கணும், மூட்டையக் கட்டிட்டு கெளம்ப வேண்டியதுதானேன்னு. இந்த ரெண்டாவத நான் என் ரூம்ல வேற மாதிரி கேப்பேன், பெரும்பாலும் கூட வந்த சொந்தக்காரங்க வாயில இருந்து: "அவ்ளோ அடிக்கிறான்னா அங்கயே ஏன்டி கெடக்குற?"

சரி, ஹாக் கதைக்கு வருவோம். ஆணா பொண்ணான்னு நாமதான் எடுக்கணும், நான் பொண்ணா எடுத்தேன். லோதரிங்னு அவ ஊரு, அத அரக்கக் கூட்டம் அழிச்சிருது, ஓடுற வழியிலயே தம்பி செத்துர்றான், அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டு கப்பல்ல கர்க்வால் வந்தா அகதிகளுக்கு உள்ள எடமில்லங்கிறாங்க. தாய்மாமா கேம்லன் குடும்ப மாளிகைய சூதாடியே தொலைச்சிட்டாரு. உள்ள நுழையறதுக்கே ஒரு வருஷம் கூலிப்படைக்கோ கடத்தல் கும்பலுக்கோ உழைக்கணும். அப்ப அவ இருக்குறதுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள், போக வேற எடம் இல்ல. அப்புறம் 50 சாவரின் (அந்த ஊரு தங்கக் காசு) சேத்து, சுரங்கத்துக்குள்ள போயி பணம் பாத்து, அம்மாவுக்காக அந்த மாளிகைய மீட்கிறா, காரணம் அம்மாவா மாறிடுது.

அடுத்து என்ன ஆகுது? நான் ஆடுனதுல தங்கச்சி மந்திரவாதின்னு டெம்ப்ளர்ஸ் (மந்திரவாதிகள அடக்கி வைக்கிற படை) புடிச்சிட்டுப் போயிட்டாங்க, அம்மாவ ஒரு கொலைகாரன் கொன்னுட்டான். வந்த காரணம் ரெண்டுமே முடிஞ்சு போச்சு. கதை மூணு வருஷம் தாண்டுது, பாத்தா ஹாக் அதே வீட்ல! இங்கதான் கேமர்ஸ் கடுப்பாகுறாங்க. எழுதுனவங்க இத சரியா வெளக்கலங்கிறத நானும் ஒத்துக்குறேன், ஆனா என் தொழில்ல பாத்தத வச்சு சொல்றேன், கதையிலயே ரொம்ப உண்மையான எடம் அதுதான். அதுக்குள்ள ஊரே அவள சாம்பியன்னு கூப்பிடுது, மதுக்கடையில கூட்டாளி வாரிக் இருக்கான், காவல்படையில தோழி அவெலின் இருக்கா, டெம்ப்ளர் தலைவி மெரடித்தும் மந்திரவாதிங்க தலைவர் ஓர்சினோவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாங்க, "நான் போயிட்டா இவங்க கதி"ங்கிற நெனப்பு சத்தமில்லாம வந்து உக்காந்துருது.

காரில் ரஸ்பல்ட்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1980லயே இதுக்கு ஒரு மாடல் குடுத்தாங்க. ஒருத்தர் ஒரு உறவுல நீடிக்கிறது சந்தோஷத்த மட்டும் வச்சு இல்லையாம், வேற நல்ல வழி கண்ணுல படுதா, இதுல இதுவரைக்கும் எவ்ளோ போட்டுட்டோம், இதெல்லாம் சேந்துதான் தீர்மானிக்குதாம். சந்தோஷம் பூஜ்யமா இருந்தாலும் மத்த ரெண்டும் புடிச்சு வச்சுக்கும். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அந்த பூஜ்யம் மட்டுந்தான் தெரியும்.

இந்த கேம் பத்தியே பேசிட்டு இருந்த அந்தப் பையன் (அடையாளமெல்லாம் மாத்திட்டேன்) ஒரு கம்பெனில நைட் ஷிப்ட், தூக்கம் போச்சு, மேனேஜர் திட்டு வேற. சேந்தது எதுக்குடான்னா அப்பா கடன்னான். பேப்பர் குடுத்து வருஷா வருஷம் இருந்ததுக்கு என்ன காரணம்னு எழுதச் சொன்னேன். மொத ரெண்டு வரி கடகடன்னு எழுதிட்டான், மூணாவதுல பேனா நிக்குது. "கடன் எப்படா முடிஞ்சுது?" "போன ஆடில மேடம்." அதுக்கப்புறம் என்ன எழுதறதுன்னு அவனுக்குத் தெரியல, பேனா மூடியக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருந்தான். அப்புறமா எழுதினான், "டீம்ல ரெண்டு பேரு என்ன நம்பி இருக்காங்க." அது நல்ல காரணமா இல்லையான்னு நான் சொல்லல, அது அவன் பாடு. இன்னும் அங்கதான் இருக்கான், ஆனா டே ஷிப்ட் கேட்டு வாங்கிட்டான்.

கேம்ல ஹாக் கூட்டாளி இசபெலான்னு ஒருத்தி, ஊரு பத்தி எரியப் போற நேரத்துல கம்பி நீட்டிருவா, ஹாக் கூட பழக்கம் கெட்டியா இருந்தா மட்டும் திரும்பி வருவா. அடிக்கிற வீட்ட விட்டுப் போன பொண்ணு மறுபடி அங்கயே போயிட்டாளேன்னு கோபப்படுற அம்மா அப்பாவுக்கு நான் இசபெலா கதையச் சொல்றதில்ல, ஆனா போறதும் திரும்புறதும் எவ்ளோ சகஜம்னு சொல்லுவேன், திரும்பிட்டாளேன்னு போன் பேசுறத மட்டும் நிறுத்தாதீங்கன்னும் சொல்லுவேன்.

இன்னொண்ணு. நான் ஆடுனதுல ஹாக் கடைசில கெளம்புறது, ஆண்டர்ஸ்னு ஒரு கூட்டாளி ஊர்க் கோயில வெடி வச்சுத் தகர்த்து ஊரே ரணகளமான பிறகு, உயிர் தப்பிச்சாப் போதும்னு. நெஜத்துல இந்த மாதிரி திடீர்னு கெளம்புறதுதான் பயம். அடிக்கிற புருஷன்கிட்ட இருந்து பிரியற நேரத்துலதான் ஆபத்து கூடும், இது எங்க துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதனால "இப்பவே கெளம்பு"ன்னு போன்ல கத்தாதீங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், பசங்க சர்டிபிகேட் இதெல்லாம் அவளுக்கு நம்பிக்கையானவங்க வீட்ல முன்னாடியே போயிருக்கணும், எந்த நேரத்துல போனாலும் கதவத் தொறக்குற ஒரு வீடு வேணும், 181ங்கிற பெண்கள் உதவி நம்பர் அவளுக்கு மனப்பாடமா இருக்கணும், போன்ல சேவ் பண்ணா அவன் பாத்துருவான்.