எம்.டெக். சிவில் விண்ணப்பம்: கேட் முடிவுக்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது

பெங்களூரில் கட்டட வடிவமைப்புத் துறையில் பணிபுரிவதாலும், புதிதாகச் சேரும் பொறியாளர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பு இருப்பதாலும், மார்ச் மாதத்தில், பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வு முடிவு வெளியானதும் அல்சூர், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு அழைப்புகள் வரும். "பையன் நல்ல மார்க் வாங்கியிருக்கான், ஐ.ஐ.டி.யில இருந்து எப்ப சார் கூப்பிடுவாங்க?" என்று பெற்றோர் கேட்பார்கள். விண்ணப்பிக்காதவரை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று சொன்னால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

கேட் என்பது தகுதித் தேர்வு மட்டுமே. ஐ.ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இணையதளத்தில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பச் சாளரம் சில வாரங்களே திறந்திருக்கும். சி.ஓ.ஏ.பி. என்ற பொதுத் தளம் விண்ணப்பத்தைப் பெறுவதற்கானது அன்று. ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்கு வரும் சேர்க்கை அழைப்புகளைக் காட்டி, அவர்களின் முடிவைப் பதிவு செய்வதற்கானது. ஆகவே, அதில் மட்டும் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவருக்கு எந்த அழைப்பும் வராது. என்.ஐ.டி.களுக்கான சி.சி.எம்.டி. கலந்தாய்வு முற்றிலும் வேறானது. அதற்குத் தனிப் பதிவும் விருப்ப வரிசையும் தேவை.

சி.ஓ.ஏ.பி.யில் அழைப்பு வந்தபின் மூன்று வழிகள் உண்டு. ஏற்று உறுதி செய்தால் அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிவிடுகிறீர்கள். வைத்துக்கொண்டு காத்திருந்தால் கையிலுள்ள இடமும் இருக்கும், மேம்பட்ட இடத்துக்கான வாய்ப்பும் இருக்கும். நிராகரித்துவிட்டுக் காத்திருந்தால் அதே இடம் மீண்டும் வராது. இதில் பதற்றத்துக்கு இடமில்லை என்றாலும், முதல் சுற்றிலேயே பயத்தில் உறுதி செய்துவிட்டு, மூன்றாம் சுற்றில் தம்மைவிடக் குறைந்த ஸ்கோர் பெற்றவர் விரும்பிய பிரிவைப் பெறுவதைப் பார்த்து வருந்துவோர் உண்டு. ஸ்கோர் என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் வேறு, ஆயிரத்துக்குக் கணக்கிடப்படும் கேட் ஸ்கோர் வேறு. சேர்க்கையில் பார்க்கப்படுவது ஸ்கோர்தான். அது மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், சென்ற ஆண்டு ஸ்கோர் இவ்வாண்டையதைவிட உயர்ந்திருந்தால் அதைக் கொண்டே விண்ணப்பிக்கலாம்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பெற்ற பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழை அப்படியே பதிவேற்றினால் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அங்கே எம்.பி.சி. என்ற தனிப்பிரிவே கிடையாது. 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு, கிரீமி லேயரில், அதாவது ஒதுக்கீடு பெற முடியாத வசதி படைத்தோர் வரிசையில், வராதவர் என்று மத்திய அரசின் படிவத்தில் பெற்ற சான்றிதழ் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அது நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு பெற்றதாக இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டு தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய ஓ.பி.சி. பட்டியல் மாநிலவாரியானது என்பதால், தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள ஒரு சமூகம் கர்நாடகப் பட்டியலில் இல்லாமல் போகலாம். தந்தையின் பூர்வீக ஆவணங்களைத் தேடி எடுத்து, எந்த வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகுவது என்று தெளிவதற்கே நாளாகும். தேர்வு முடிந்த பிப்ரவரியிலேயே இந்த ஆவணத் தேடலைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது பாடப்பிரிவு. கேட்பவர்களில் பெரும்பாலோர், கட்டமைப்பு வடிவமைப்பைப் படிக்கும் ஸ்ட்ரக்சுரல் தவிர வேறெதையும் பேசுவதில்லை. அதில் இடம் கிடைக்காவிட்டால் எந்தக் கல்லூரியானாலும் பரவாயில்லை என்று இறங்கிவருகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. ஸ்ட்ரக்சுரல் படித்துவிட்டு நேர்காணலுக்கு வந்த ஒருவர், ஈடாப்ஸ் மென்பொருளில் பன்னிரண்டு மாடிக் கட்டட மாதிரியை அழகாகச் செய்து காட்டினார். தூணும் உத்திரமும் சேருமிடத்தில் தூண்களின் மொத்த வளைவுத் தாங்குதிறன் உத்திரங்களுடையதைப் போல் 1.4 மடங்காவது இருக்க வேண்டும் என்று நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920 விதி ஏன் சொல்கிறது என்று கேட்டேன். மென்பொருள் அதைச் சரிபார்த்துவிடும் என்றார். நிலநடுக்கத்தில் உத்திரம் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும், தூண் விட்டுக்கொடுத்தால் தளமே சரியும் என்ற அடிப்படை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதே வாரம் வந்த இன்னொருவர், மண்ணையும் அடித்தளத்தையும் பற்றிய ஜியோடெக்னிகல் படித்தவர். பெங்களூரின் செம்மண்ணுக்குள் பெரிய பாறை உருண்டைகள் ஆங்காங்கே புதைந்திருப்பதால், மண் ஆய்வுக்காக இடும் ஒரேயொரு துளையில் பாறை தட்டுப்பட்டதும் அடிப்பாறை வந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது, துளையை மேலும் ஆழப்படுத்தியும் பக்கத்தில் வேறு துளைகள் இட்டும் பார்க்க வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து விளக்கினார். பாதாளத் தளங்களும் மெட்ரோ சுரங்கங்களும் தோண்டப்படும் ஊரில் இப்படிப்பட்டவரை யார் வேண்டாம் என்பார்கள்?

பணம் பற்றிச் சுருக்கமாக: கேட் தகுதியோடு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கர்நாடக பி.ஜி.சி.இ.டி. போன்ற மாநிலத் தேர்வு மட்டும் எழுதிச் சேர்வோருக்கு அது இல்லை.

ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். படிப்பையும், பழைய பெங்களூர்வாசிகள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சிவழி எம்.டெக். படிப்பையும் பார்க்கலாம். இவற்றுக்கு ஸ்கோர் மட்டும் போதாது, நேர்காணலும் உண்டு. பெரும்பாலும் பிடித்த பாடம் எது என்று கேட்டு, அதன் அடிப்படையிலிருந்தே கேள்விகளைத் தொடுப்பார்கள். தெரிந்த இரண்டு பாடங்களை மட்டும் சொல்லி, அவற்றின் இளநிலைப் பாடநூலை முதல் அத்தியாயத்திலிருந்து மீண்டும் படித்துவிட்டுப் போகவேண்டும்.