குற்றவாளிக்கு எதற்குப் பண்பு?

'குற்றவாளிகளின் ஆளுமைப் பண்புகள்' என்ற தொடரைப் பாடக் குறிப்புகளிலும் யூடியூப் உரைகளிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 'பர்சனாலிட்டி ட்ரெய்ட்' என்பதன் தமிழாக்கமாம். பண்பு இருக்கிறவன் ஏன் ஐயா கத்தியைத் தூக்குகிறான்?

ட்ரெய்ட், 'இழுத்தல்' எனப் பொருள்படும் லத்தீன் வேரில் பிறந்து, பிரெஞ்சில் கோடு, கீற்று என்றாகி, முகத்தின் சாயலுக்கும் பிறகு மனத்தின் போக்குக்கும் வந்து சேர்ந்த சொல். உளவியலில் அது, இடம் மாறினாலும் ஆளிடம் பெரும்பாலும் மாறாத ஒரு போக்கு. எல்லோரிடமும் இருக்கும், அளவுதான் கூடும், குறையும்.

லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1964இல் இதை வைத்துத்தான் குற்றத்தை விளக்கினார். புறமுக இயல்பு, அதாவது கலகலப்பாக வெளியே பழகும் போக்கு, மிகுந்தவர்களுக்கு மூளையின் கிளர்ச்சி இயல்பிலேயே குறைவு. அதனால் பரபரப்பைத் தேடிப் போவார்கள். சிறுவயதில் தப்புக்குத் தண்டனை கிடைக்கும்போது மனத்தில் ஊற வேண்டிய பயமும் அவர்களிடம் மெதுவாகவே ஊறும் என்றார். புறமுகம் பற்றிய பகுதியைப் பின்வந்த ஆய்வுகள் சீராக ஆதரிக்கவில்லை. அது இருக்கட்டும். இதில் எங்கே வருகிறது பண்பு?

'செம்மை, கருமை எல்லாம் பண்புப்பெயர்தானே, அது நடுநிலைச் சொல்' என்பார்கள். இலக்கண வகுப்பில் சரி. வாசலைத் தாண்டினால் 'பண்பானவர்' என்பது பாராட்டு, 'பண்பு கெட்டவன்' என்பது திட்டு. 'பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகல்' என்று கலித்தொகையே முடித்துவிட்டது. ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், நல்லது கெட்டது என்ற தீர்ப்பைச் சேர்க்காமல் பார்ப்பதுதான் ஆளுமை என்று 1937லேயே வற்புறுத்தினார். நாமோ தீர்ப்பையே பெயராக ஒட்டியிருக்கிறோம்.

வெறும் 'இயல்பு' போதாதா? 'குற்றவாளியின் இயல்பு' என்றால் பிறவிக் குற்றவாளி என்ற வாசனை அடிக்கிறது. 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ மண்டையோட்டை அளந்து சொன்ன கதைக்கே திரும்பிவிடுவோம். என் ஓட்டு 'குணக்கூறு'க்கு. முரட்டுக் குணம், சந்தேகக் குணம், கெட்ட குணம் என்று எந்தப் பக்கமும் குணம் சாயும். கூறு என்றதும் ஆள் முழுதும் அதுவல்ல என்பது விளங்கிவிடும். குணம் வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்ற குறளை எங்கே வைப்பார்கள்? அங்கே குணம் நல்ல பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைய பேச்சு அதை எப்போதோ நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டது. பண்புக்கு அது நடக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் தெருவில் நடக்கிற தமிழைக் காதில் வாங்குவதே இல்லை. யோசிக்காமல் சட்டென்று செய்துவிடும் போக்கான 'இம்பல்சிவிட்டி'யை 'மனக்கிளர்ச்சி' என்கிறார்கள். 'மனக்கிளர்ச்சி மிக்க கைதி' என்று படித்தால் விடுதலை உத்தரவு வந்த சந்தோஷத்தில் இருக்கிறான் போல என்றுதான் தோன்றும். 'அவசரபுத்தி' என்று எழுத யார் தடுத்தார்கள்?